வார்டில் நான் சொன்ன பதில்

தம்பி,

நலம் விசாரித்து எழுதுகிற வரிகளை இந்தத் தடவை விட்டுவிட்டேன். நாலாவது வரை படித்தவள் எழுதுவது, பிழை இருக்கும், நீயே திருத்திப் படித்துக்கொள். உன் கடிதம் வந்தது. அடுத்த வாரம் திருச்சியில் உனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். மருமகள் மாசமாக இருப்பதால் நான்தான் துணைக்கு வர வேண்டும், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். "அம்மா, நாம கவிச்சியே தொடாதவங்கன்னு சொல்லித்தான் இந்த வூடு பிடிச்சிருக்கேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடு. டாக்டர் கேட்டாலும்தான், அந்தம்மா பக்கத்துல இருப்பாங்க."

அதைப் படித்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. சோறு அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. உன் மேல் கோபம் வரவில்லை, ராசா. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் நீ எனக்குத் திருப்பி எழுதியிருந்தாய். நீ ஒண்ணாம் வகுப்புக்குப் போகும்போதே வாயைத் துடைத்துவிட்டு, "நேத்து என்னா கொழம்புன்னு கேட்டா கத்திரிக்காக் கொழம்புன்னு சொல்லணும்" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியவள் நான். ஆனால் இந்தத் தடவை அந்தப் பாடத்தை ஒப்பித்தால் உன் உயிருக்கே கேடு வரலாம். போன தை மாதம் வந்திருந்தபோது சித்தப்பா வீட்டில் பெரிய கறி, மாட்டுக்கறிதான், தின்றுவிட்டுச் சாயங்காலம் என்னோடு பஸ்ஸுக்கு நின்றாய். கீழுதடு வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் காசு காசாகத் தடிப்பு. மூச்சை இழுத்து இழுத்து விட்டாய். கேட்டதற்கு, "வெயிலும்மா, வேர்க்குரு" என்றாய். தை மாசத்தில் ஏது வேர்க்குரு? பஸ் போய்ப் புழுதி அடங்கிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்த உதட்டை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அது உன் அப்பாவின் உதடு.

உன் அப்பா எப்படிச் செத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ, அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் இத்தனை நாளும் உன்னிடம் சொல்லாமல் தின்று செரித்துக்கொண்டிருந்தேன். செரிக்கவில்லை. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வாலிகண்டபுரம் பக்கம் பண்ணையில் மாடு மேய்த்த குடும்பம் உன் அப்பாவுடையது. சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைக்கப் போனவருக்கு, அப்புறம் சிமெண்ட் பாக்டரியில் கிரஷர் ஓட்டுகிற வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். தளம் போட்ட வீடு, தெருவுக்கு ஒரு குழாய். அந்தக் குழாயில் யார் முதலில் பிடிப்பது, யார் தள்ளி நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிசயம். முதல் நாள் பழக்க தோஷத்தில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். "ஏம்மா, கொடத்த வச்சுட்டு என்னா வேடிக்கை? நகத்து, பின்னாடி வரிசை நிக்குதுல்ல" என்று ஒருத்தி அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையும் ஓர் ஆளாக வைத்து அதட்டுகிறாளே என்று. அவள்தான் பக்கத்து வீட்டு அக்கா, டைம் ஆபீஸ் கிளார்க்கின் சம்சாரம். உனக்குத் தெரியும் யார் என்று. இதில் சரோஜா என்று வைத்துக்கொள்கிறேன்.

குவார்ட்டர்ஸில் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்பார்கள். "பெரம்பலூர் பக்கங்க" என்பார் அப்பா. "பெரம்பலூர்ல எந்தத் தெரு?" என்று அடுத்தது வரும். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வீட்டுக்குள் வந்து, "எந்த ஊர்லயும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்கும்டி" என்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கினால் பையில் அதற்கு மேலே முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு வருவார். நான் ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி கொளுத்தி, ரேடியோவையும் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அடுப்பில் சட்டி வைப்பேன். "வாசத்துக்கு ஊதுவத்தி சரி, ரேடியோ எதுக்குடி?" என்பார். எனக்கே தெரியாது எதற்கென்று. பயம் வந்துவிட்டால் கைக்கு எட்டியதை எல்லாம் சாத்தத் தோன்றும், அவ்வளவுதான்.

அந்த நாளில்தான் அவருக்கு அந்தக் கறி ஆகாமல் போனது. சின்ன வயசிலிருந்து தின்றவர்தான். ஒரு தடவை உன் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் தின்றுவிட்டு வந்தவருக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விட முடியாமல் போய்விட்டது. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை தின்று பார்த்தார். அன்றைக்கு இன்னும் மோசம், கண்ணே திறக்க முடியவில்லை. "பாக்டரி உத்யோகம் வந்ததும் அண்ணனுக்கு ஒடம்புகூட ஒசந்த சாதியா ஆயிடுச்சு பாருங்க" என்று சித்தப்பா கேலி செய்தான். வீங்கின உதட்டோடு உட்கார்ந்திருந்த அப்பா, "ஊரு தள்ளி வச்சுது, பொறுத்துக்கிட்டேன். இப்ப மாடும் தள்ளி வச்சிடுச்சேடா" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. நம் இருவருக்கும் கறி ஆக்குகிற அன்றைக்கு அவருக்குக் கருவாடு. உன்னிடம், "அப்பாவுக்குப் புடிக்காது" என்று மட்டும் சொல்லிவைத்தேன். வெளியில் போய் உளறிவிடுவாய் என்று பயம்.

கிரஷர் படிக்கட்டில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு எழுதிக்கொடுத்தார். உனக்கு ஐ.டி.ஐ. பரீட்சை. எனக்கு இங்கிலீஷ் போர்டு படிக்கத் தெரியாது என்று சரோஜா அக்காதான் தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு எங்களோடு அரியலூரில் ரயிலேறினாள். ரயிலில் என் மடியில் அவள் கட்டிக் கொண்டுவந்த புளிச்சோறு. இத்தனை செய்தவளிடம் நான் எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு சின்ன வயசு டாக்டர் கட்டிலுக்கு வந்தார். நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து அடைப்பைத் தாண்டி வைத்துத் தைப்போம் என்றார். "பாலம் ஒடஞ்சா பக்கத்துல மண்ணுரோடு போடுற மாதிரிங்களா சார்?" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். டைவர்ஷன்." பிறகு இன்னொன்று சொன்னார். "தைச்ச எடத்துல ஊசி ஓட்டை வழியா ரத்தம் கசியும். அழுத்திப் பிடிச்சா பெரும்பாலும் நின்னுடும். நிக்கலைன்னா ஒரு பசை வச்சிருக்கோம், வெளிநாட்டுலேருந்து வந்தது, புதுசு. ரத்தத்த ஒறைய வைக்கிற சத்த மட்டும் பிரிச்சு எடுத்துப் பண்றாங்க. கொஞ்சம் மனுச ரத்தத்துலேருந்து, கொஞ்சம் மாட்டு ரத்தத்துலேருந்து. நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா முழுக்க ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மனுச ரத்தத்தால மஞ்சக்காமாலை தொத்த வழியிருக்கு. சில ஒடம்புக்கு மாட்டோட சத்து ஆகாது, பிரஷர் சட்டுன்னு எறங்கிடும். அதுக்காகக் கேக்குறேன். மாட்டுக்கறி சாப்பிட்டுத் தடிப்பு, வீக்கம், மூச்சுமுட்டல்னு எப்பவாச்சும் வந்திருக்கா?"

மாட்டுக்கறி என்ற சொல் அந்த வார்டில் விழுந்ததும் பக்கத்துக் கட்டிலில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. என் பக்கத்தில் சரோஜா அக்கா பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி, "அது வந்துங்க சார்..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். "அதெல்லாம் எங்க வூட்டுப் படியே ஏறாதுங்க" என்றேன் நான். "ஆமாங்க டாக்டர், ரொம்ப சுத்தமான குடும்பம்" என்றாள் சரோஜா அக்கா. அந்த டாக்டர் அதோடு விட்டுவிடவில்லை. "சாப்புடுறதுல தப்பொண்ணும் இல்லம்மா. ஒடம்புக்காகத்தான் கேக்குறேன்" என்றார். எனக்கு இன்னொரு வாசலைத் திறந்து வைத்தார். நான் அதையும் சாத்தினேன். "இல்லைங்க" என்றேன். அவர் போனதும், அக்கா வெந்நீர் வாங்கப் போன நேரம் பார்த்து அப்பா, "படி ஏறாதா? நம்ம குவார்ட்டர்ஸுக்குப் படியே கெடையாதேடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அப்பா தெரியாமலா வாயை மூடிக்கொண்டார் என்று நீ கேட்கலாம். நானும் பல நாள் அப்படிச் சொல்லி மனசைத் தேற்றிப் பார்த்தேன். அவருக்கும் வாய் இருந்தது, அவரும் சொல்லவில்லையே என்று. ஆனால் சொல்ல ஆரம்பித்தது அவர். நிறுத்தியது நான். செத்தவர் மேல் பாதிப் பங்கை இறக்கி வைக்கப் பார்த்தேன் பார், அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் நீ வந்து சேர்ந்தாய். ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு அந்த டாக்டர் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தையல் எல்லாம் நன்றாகத்தான் வந்தது, ஓர் இடத்தில் மட்டும் கசிவு நிற்கவில்லை, பசை வைத்தோம், வைத்த கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கி உடம்பு சிவந்து தடித்துவிட்டது, தெரிந்த மருந்தெல்லாம் போட்டும் இதயம் திரும்ப நிலைக்கவில்லை என்றார். "இதயமும் பலவீனமா இருந்துச்சு. பசைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். மறைக்கவில்லை அவர். நீ அவர் சட்டையைப் பிடித்துவிட்டாய். "எங்கப்பன வச்சுப் பசை ஒட்டிப் பழகுனியா?" என்று கத்தினாய். அவர் உன் கையை எடுத்துவிடக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன், தம்பி. உன் பிடியில் அந்தச் சட்டைக்குப் பதில் இருக்க வேண்டியது என் முந்தானை என்று தெரிந்தும் நின்றேன்.

பிறகு என்னைத் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டார். "அம்மா, இப்ப யாரையும் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல. அவருக்கு மாட்டுக்கறி ஒத்துக்காம போனது உண்டா? தெரிஞ்சா அடுத்த ஆளுக்கு ஒதவும்" என்றார். அந்த அறையில் சரோஜா அக்கா இல்லை, சாத்துக்குடிக்காரி இல்லை. முதலில் சொன்ன பொய் வெட்கத்தில் வந்தது. இரண்டாவதற்கு அந்தச் சாக்குகூட எனக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னால் என் வாய்தான் அவரைக் கொன்றது என்று ஆகிவிடுமே என்ற பயம். "இல்லைங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். அடுத்து அதே கட்டிலில் படுத்தவர் யாரோ, அவருக்கு அந்தப் பசையை வைத்தார்களோ என்னவோ, அவர் பிழைத்தாரோ என்னவோ. உன் அப்பாவை நினைத்து அழுவது போல அந்த முகம் தெரியாத ஆளை நினைத்தும் நான் அழுதிருக்கிறேன். வருசா வருசம் அப்பாவுக்குப் படையல் போடுகிற அன்று நீ இலை முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பசைக்காரன் நல்லா இருப்பானா" என்று சபிப்பாய். நான் குனிந்து சோறு போட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்த டாக்டர் செய்த தப்பு ஒன்று உண்டு என்றால், அந்தக் கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்டதுதான். முதலிலேயே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ? சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். நம்மைப் போன்றவர்களிடம் என்ன தின்றாய் என்று கேட்டால், நீ யார் என்று கேட்பது போல நம் காதில் விழும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் படித்த புத்தகத்தில் அது இருந்திருக்காது. அவர் மேல் வருத்தப்பட எனக்கு அவ்வளவுதான் இடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நான் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா அக்கா வந்து உட்கார்ந்தாள். ஒரு பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே, "ஏண்டி, டாக்டர் கேட்டப்ப ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள். "என்னாக்கா?" என்றேன். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஞாயித்துக்கெழம ஆனா ஊதுவத்தியும் ரேடியோவும். எங்கூட்டுக்காரரு, 'பக்கத்துல கச்சேரி ஆரம்பிச்சாச்சு, இன்னிக்குக் கறி'ம்பாரு. வந்த வருசமே தெரியும்டி" என்றாள். "தெரிஞ்சுமா எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். "தாகம் எடுத்துச்சு, குடிச்சேன்" என்றாள். அப்புறம் அவளே அழுதாள். "அவருக்கு ஒடம்புக்கு ஆகாதுங்கறது எனக்குத் தெரியாதுடி. உன் மானத்தக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டுத்தான் நானும் சுத்தமான குடும்பம்னேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது." எந்தக் கண்ணுக்குப் பயந்து நான் உன் அப்பாவின் வாயை அடைத்தேனோ, அந்தக் கண்ணுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நான் காப்பாற்றியது எதுவுமே இல்லை, தம்பி. ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக அவரைக் கொடுத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பெரம்பலூர் போய்ச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைத் தனியாகப் பார்த்தேன். முதல் தடவையாக வாய்விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகன் உதடு வீங்கினதையும் சொன்னேன். குடலிறக்கத்துக்கும் அந்தப் பசை வைப்பார்களா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா தைக்கிற நூல்லயே ஆட்டுக்கொடல், மாட்டுக்கொடல்லேருந்து வர்றது உண்டு. ரத்தத்த நிறுத்த வைக்கிற பஞ்சு மாதிரி ஒண்ணுலயும் மாட்டுச் சமாச்சாரம் இருக்கும். முன்னாடியே சொன்னீங்கன்னா அவங்க வேற ஏதாச்சும் போடுவாங்க. சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்.

பெரிய கறி தின்றதற்காக நான் வெட்கப்படவில்லை, ராசா. பசி தீர்த்த கறி அது, உன்னை வளர்த்த கறி. அதற்கு வெட்கப்பட்டேனே, அதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். நீ கெட்டிக்காரன், வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். வெளியில் யாரிடம் எதைச் சொல்வது என்பதை நீயும் மருமகளும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதில் தலையிட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உன் உடம்பை அறுக்கப் போகிறவரிடம் பொய் கிடையாது. மருமகளிடமும் இன்றைக்கே சொல். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் அந்த உதடு வரலாம். அந்த மெட்ராஸ் டாக்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொடு. அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை நான் இன்னும் கொடுக்கவில்லை. இன்னொன்று. நம் தெருவில் வாசகசாலை நடத்துகிற பிள்ளைகள் சின்னதாக ஒரு பத்திரிகை போடுகிறார்கள். பேரையெல்லாம் எடுத்துவிட்டு இதை அதில் போடலாமா என்று கேட்டார்கள். நம்மைப் போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. நீ படித்து, சரி என்று சொன்னால் மட்டும்தான் கொடுப்பேன்.

இதனால் அந்த வீடு போகிறதென்றால் போகட்டும். திருச்சியிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்கும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார். கேட்காவிட்டால் நானாகவே சொல்வேன். உன் வீட்டுக்காரம்மா பிளாஸ்க்கோடு என் பக்கத்திலேயே நிற்கட்டும். நான் வாயைத் திறக்கிற அந்த நேரத்தில் நீ கட்டிலில் இருந்து என்னைப் பார்ப்பாய். பார். கண்ணால் மட்டும் எனக்கு எதுவும் சொல்லிவிடாதே.

அம்மா